நேராகப் போ என்று சொன்ன இடம்

குழந்தையின் கையை எப்போது விடலாம், எவ்வளவு தூரம் விடலாம்? மூன்று வருடமாக யோசிக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் கணவருக்கு அலுவலகத்தில் ரயில் சலுகை கிடைத்ததால் காரைக்குடியிலிருந்து ஆக்ராவரை போயிருந்தோம். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வழியெல்லாம் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன்.

ஆக்ரா கோட்டைக்குள் நுழைந்ததும் என் செருப்பு வார் அறுந்தது. வாசலில் விற்ற கோட்டைப் புத்தகத்தை வாங்க அவர் பின்தங்கியிருந்தார். சிவப்புக் கற்சுவரைப் பார்த்த மகளுக்குக் கால் நிற்கவில்லை.

"நான் முன்னாடி போகவா?"

"நேரா போ. இங்குட்டு இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. முகப்பில் நின்றால் வளவு முற்றம், இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே கோடாகத் தெரியும். அரிசி புடைத்துக்கொண்டே அவள் கடைசிக் கதவைத் தொட்டுத் திரும்புவதைப் பார்த்துவிடலாம். எல்லா வாசலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

ஊக்கு மாட்டி வாரைச் சரிசெய்து நிமிர்ந்தபோது எதிரே உயரமான சுவர்தான் இருந்தது. வழி சட்டென்று வலப்பக்கம் மடிந்திருந்தது. மகளைக் காணவில்லை.

ஓடினேன். திருப்பத்துக்கு அப்பால் இரண்டு பெரிய சுவர்களுக்கு நடுவே ஒரு சரிவுப் பாதை ஏறியது. மேலிருந்து கூட்டம் இறங்கி வந்தது. அவளுடைய பச்சைப் பாவாடை எங்கும் தெரியவில்லை. ஒரு அம்மாளை நிறுத்தி என் இடுப்பளவுக்குக் கையைக் காட்டினேன். அவர் ஏதோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை. சரிவின் உச்சிவரை ஓடினேன். அங்கே புல்வெளியும் மண்டபங்களும் நான்கு பக்கமும் விரிந்து கிடந்தன. எந்தப் பக்கம் போவது?

"ஏய், நில்லு!" என்று கீழேயிருந்து என் கணவர் குரல் கேட்டது. அவர் கையில் மகள் இருந்தாள்.

திருப்பத்துச் சுவரில் இருந்த மாடத்தில், கல்லில் கை வைத்தபடி நின்றிருக்கிறாள். நான் அவளைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன்.

"நேரா போகச் சொன்னீக. நேரா வழி இல்ல. அதான் நின்னேன்," என்றாள். பிறகு அழுதுகொண்டே, "நான் கூப்பிட்டேன். நீங்கதான் ஓடிப் போயிட்டீக."

அவர் சிரித்துவிட்டார். யானைகள் வேகமாக வந்து கதவை முட்டாமலிருக்கவும், எதிரிக்கு அடுத்த வழி தெரியாமலிருக்கவும் வாசலை அப்படி மடித்துக் கட்டினார்கள் என்று புத்தகத்தைப் பிரித்துச் சொன்னார். தாத்தா ராஜா சிவப்புக் கல்லில் கட்டியவற்றுள் சிலவற்றை, தாஜ்மகாலைக் கட்டிய பேரன் இடித்துப் பளிங்கில் கட்டினாராம். அந்தப் பேரனை அவர் பெற்ற மகனே அங்கு சிறை வைத்தானாம். எட்டுக்கோண மாடத்தில் நின்று தூரத்துத் தாஜ்மகாலைப் பார்த்தோம். "வலிக்குது," என்று மகள் சொன்ன பிறகுதான் அவள் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இப்போது அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் அடுத்த மாதம் திருமயம் கோட்டைக்குக் கூட்டிப் போகிறார்கள். சம்மதக் கடிதத்தை நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

"அவ தொலைய மாட்டா. நீ கூடப் போனாத்தான் தொலைஞ்சு போவ," என்கிறார் அவர்.

கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். என் பயம் வேறு. சொன்னதை அப்படியே கேட்கிற பிள்ளை அவள். "டீச்சர் கையை விடாதே" என்றால், டீச்சரைக் காணாதபோது என்ன செய்வாள்? "நின்ன இடத்திலேயே நில்" என்றால், எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நின்றுகொண்டிருப்பாளே?

பிள்ளைகளை வெளியே அனுப்பிப் பழகியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: கிளம்புகிற அன்று காலையில் வாசலில் நின்று அவளிடம் நான் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?