திரையில் விழுந்த சாப்பா

மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை சுமப்பவர்களுக்கு முறை வைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் எங்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. காலையில் அன்றைய வரிசையை அது தயாரித்து முடிக்கும்வரை திரை இருட்டாகவே கிடக்கும். உள்ளே தில்லுமுல்லு நடக்கிறதென்று முற்றத்தில் நிற்பவர்கள் மூட்டைக் கொக்கியால் ஜன்னல் கம்பிகளை அடிப்பார்கள். ஒருமுறை பியூனின் மண்டை உடைந்தது.

வேலை நடக்கிறதென்று கண்ணால் பார்த்தால் அடங்குவார்கள் என்று நினைத்தேன். கையேட்டைப் புரட்டி புரோகிராமில் சில வரிகள் சேர்த்தேன். பட்டியலில் ஒரு பகுதி முடிந்தால் திரையில் ஒரு குறி விழும். வரி நிறைந்தால் அன்றைய பட்டியல் தயார். நட்சத்திரம் போட்டால் ஒரு கட்சி சொந்தம் கொண்டாடும், மற்றது அடிக்க வரும். கூட்டல் குறி சிலுவையாகிவிடும். ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத வட்டத்தைப் போட்டு, திரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

வட்டத்துக்கும் சொந்தக்காரர்கள் உண்டென்று மறுநாள் தெரிந்தது. பழைய நாளில் வேலை கொடுக்கும் மூப்பன் கூட்டத்துக்கு நடுவே வட்டமான தகர வில்லைகளை வீசுவான். அதற்குச் சாப்பா என்று பெயர். வில்லையைப் பிடித்தவனுக்கு வேலை, மற்றவனுக்கு மிதி. அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. மிதிபட்ட விலா எலும்புகள் இன்னும் முற்றத்தில் நின்றன.

"எடா, சாப்பா வீழுதுடா! நோக்கு!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"எத்ர?" எத்தனை என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஒரு வரிதான். ஆளு எத்ர நிக்குது பாரு!"

திரையின் அகலம் அவ்வளவுதான் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. முழங்கைகள் முகங்களில் இறங்கின. ஒருவன் காது கிழிந்து தொங்கியது. விழுந்தவன் முதுகில் ஏறி நின்று இன்னொருவன் வட்டங்களை எண்ணினான்.

முன்னால் நின்றவன் நெடுநாள் காய்ச்சலில் கிடந்து திரும்பிய தமிழ்க்காரன். அன்றும் சுமக்காவிட்டால் விதிப்படி பதிவேட்டிலிருந்தே அவன் பெயரை நீக்க வேண்டும். முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் கம்பிகளுக்கிடையே வலது கையை விட்டு ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைத்து, திரையிலிருந்து ஒரு வட்டத்தைப் பிடுங்கப் பார்த்தான். கை முழங்கைவரை கிழிந்தது.

வரிசை அச்சாகி வந்ததும் சண்டை நின்றது. எல்லாப் பெயர்களும் வழக்கம்போல் இருந்தன. முதல் பெயர் அவனுடையது. வாசித்ததும் ரத்தம் சொட்ட உள்ளே வந்தான்.

"இந்தக் கையோட எப்படித் தூக்குவே? வேலை செய்ய இயலாதவன் முறை அடுத்தவனுக்கு. அதான் விதி" என்றேன்.

"அப்போ பேரை வெட்டிருவீங்க, இல்லே சாரே?"

"வெட்டத்தான் வேணும்."

கொக்கியை இடது கைக்கு மாற்றி ஓங்கினான். திரை வெடித்தது. ஒரு சில்லு என் கன்னத்தில் குத்தி நின்றது. அடுத்த அடி எனக்கு என்று புரிந்தது. அதற்குள் வெளியிலிருந்து ஒரு குரல்:

"எந்தா சாரே, எடங்கையால இப்படி அடிக்கறவனுக்கு ஒரு மூட்டை தூக்க முடியாதோ?"

முற்றமே சிரித்தது. ஓங்கிய கொக்கி அப்படியே நின்றது.

விதியில் 'இயலாதவன்' என்றுதான் இருந்தது. 'காயம்பட்டவன்' என்று இல்லை. கன்னத்துச் சில்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவன் பெயரை மறுபடி உரக்க வாசித்தேன். அவன் கொக்கியை இடது கையிலேயே பிடித்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தான்.