துப்பட்டாவை உதறினேன், ஏலக்கா கொட்டுச்சு!

இன்னிக்குச் சாயங்காலம் குடோன் வாசல்ல நான் திருடி ஆகிட்டேன்!

(முழுசா ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள மூணு தடவை அழுகை வந்துருச்சு.)

எனக்கு நேர்ல வாய் வராது. அதான் இங்க எழுதுறேன்.

ஒன்பதாவதோட ஸ்கூலை விட்டவ நான். இப்போ போடியில ஒரு ஏலக்கா குடோன்ல காய் பிரிக்கிற சோலி. தரையில உக்காந்து காம்பைக் கிள்ளி, கொழுத்தது தனி, சூம்பினது தனின்னு ஒதுக்கணும்.

கெளம்பும்போது வாசல்ல எல்லாரும் மேஸ்திரி அக்காகிட்ட சேலை, துப்பட்டாவை உதறிக் காட்டிட்டுத்தான் போகணும். தினமும் நடக்குறதுதான்.

போன மாசம் ஆண்டிபட்டிப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க கைத்தறி இருக்கு. பத்து நாள் உக்காந்து நானே ஒரு பச்சைத் துப்பட்டா நெய்ஞ்சேன்!

(சித்தி அதுக்கு நெசவுன்னு சொல்லல. அவங்க சொன்ன பேரை இங்க எழுத முடியாது.)

பஸ்சு போயிரும்னு கடைசி ரெண்டு முழத்தை வெரசா ஓட்டிட்டேன். இழையை நெருக்குற பலகையை இறுக்கி அடிக்கல. அறுந்த இழைக்கு முடிச்சும் போடல. அங்கங்க கொஞ்சம் காத்தோட்டம்.

இன்னிக்குத்தான் மொத தடவை போட்டுட்டுப் போனேன்.

பக்கத்துல உக்கார்ற முத்துமாரி அக்கா, "ஏ புள்ள, எங்க எடுத்த இதை?"ன்னு கேட்டுச்சு.

நானே நெய்ஞ்சதுன்னு சொல்ல வெக்கம். "மதுரைல... நெட் மாடல்"னு சொல்லிட்டேன்.

பத்துப் பேரு தொட்டுப் பார்த்து, "வெலை ஜாஸ்தியா இருக்கும்"னாங்க. நானும் தலையாட்டினேன்!

சாயங்காலம் மேஸ்திரி அக்கா முன்னாடி நின்னு உதறினேன்.

பொலபொலன்னு ஏலக்கா!

ஒன்னு ரெண்டு இல்ல, ஒரு கை நெறைய. (மடியில போட்டு உக்காந்திருந்தேன். காம்போட கெடந்த காயெல்லாம் ஓட்டையில மாட்டியிருக்கு. பச்சைல பச்சை, யாருக்குத் தெரியும்?)

"ஆத்தா, எத்தனை நாளா நடக்குது இது?"ன்னாங்க மேஸ்திரி அக்கா.

திருடின்னு பேர் வாங்கி வேலையை விடணும். இல்லேன்னா அத்தனை பேர் முன்னாடி உண்மையைச் சொல்லணும். எது மேல்னு நெசமாவே யோசிச்சேன்!

"அக்கா... இது மதுரை இல்ல. நானே நெய்ஞ்சது. நெசவு... சரியில்ல."

"என்னது? சத்தமாச் சொல்லு."

"நெசவு சரியில்ல!"

(மலை மேல ஏறிட்டிருந்த ஜீப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.)

அக்கா துப்பட்டாவை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சாங்க. விரலை விட்டாங்க. விரல் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துச்சு.

பெறகு குனிஞ்சு, விழுந்த காயையெல்லாம் பொறுக்கி உள்ளங்கையில வச்சு உருட்டிப் பார்த்தாங்க.

"ஏ, இங்க வாங்கடி எல்லாரும்! எட்டு எம்எம் காய் ஒன்னு கூட இல்ல. அத்தனையும் சூம்பினது! திருடுறவ கொழுத்ததை விட்டுட்டு இதையா எடுப்பா?"

"அதானே!" இது முத்துமாரி அக்கா. "இவளை விட இவ துப்பட்டா சுத்தமாப் பிரிச்சிருக்கு!"

ஒரே சிரிப்பு. வேலை தப்பிச்சுச்சு. மானம்தான் போயிருச்சு.

தலையைக் குனிஞ்சுக்கிட்டு நழுவப் பார்த்தேன். மேஸ்திரி அக்கா விடல.

"நில்லுடி. எனக்கும் ஒன்னு நெய்ஞ்சு குடுப்பியா?"

எனக்கு ஒரே சந்தோசம். "துப்பட்டாவா, சேலையா அக்கா?"

"கொசுவலை."

மொத ஆர்டர் மக்களே, வாங்கிட்டேன்!

என் நெசவுல கொசு குடும்பத்தோட உள்ள போயி விருந்து சாப்பிட்டுட்டு வரும்னு நீங்க யாரும் அவங்ககிட்ட சொல்லிற மாட்டீங்கல்ல?