தவக்காலத்தில் ஒரு டிஸ்கோ பாட்டு

துபாயிலிருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் காலர் டியூனாக ஒரு இங்கிலீஷ் ஆட்டப்பாட்டு அதிரும். ஒரு பெண்குரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். ஈஸ்டருக்கு முந்தி, ஆட்டம்பாட்டம் ஆகாத தவக்காலத்திலும் அதுதான்.

“இதென்ன கூத்து? மாதா பாட்டு வையுங்க” என்று சத்தம் போட்டேன். மாற்றிவிட்டார்.

ஈஸ்டர் அன்றைக்குத்தான் சொன்னார்: “ஏட்டி, கல்யாணம் முடிஞ்ச புதுசுல நாம தேய தேய கேட்ட டிஸ்கோ கேசட்டு மறந்துபோச்சா? அதுல உள்ள வரியத்தான் வெட்டிப் புதுப்பாட்டு ஆக்கியிருக்கானுவ. நீ கண்டுபிடிப்பேன்னுல்லா வச்சேன்.”

துபாய் போகுமுன் அவர் கூட இருந்த அந்த இரண்டே மாதம் வீடெல்லாம் கேட்ட குரல் அது.

“அதையே வையுங்க. நான் கூப்பிட்டா உடனே எடுக்காதீங்க” என்றேன்.

இப்போது கொஞ்சம் பொறுத்துத்தான் எடுக்கிறார். அதுவரை அவர் துபாயில் இல்லை. மாதா இதைப் பாவமாக நினைக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.