வெயிலுக்கு கேரண்டி இல்லாத வேட்டைக் காமிரா

மூன்றாவதோடு பள்ளியை விட்டவன் நான். இன்று துபாயில் எனக்கு இரண்டு கடைகள்.

கடை லைசென்ஸில் கையெழுத்துப் போடும் என் அரபி ஸ்பான்சர், அதாவது கஃபீல், வேட்டைப் பிரியர். மிருகம் நடமாடினால் அதன் உடல் சூட்டை உணர்ந்து தானே படமெடுக்கும் காமிரா ஒன்று கேட்டார். லைசென்ஸ் முடியும் நேரம் அது. காமிராக் கடையில் டை கட்டிய விற்பனையாளன், "இன்டர்நேஷனல் கேரண்டி பாய்" என்றான், நம்பி வாங்கிக் கொடுத்தேன். சூடான மணலையே மிருகமென்று எடுத்துத் தள்ளியிருந்தது அந்தக் காமிரா. கஃபீல் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன்.

"வெயில்ல வச்சா கேரண்டி கிடையாது. அமெரிக்காவுக்கு லெட்டர் போடுங்க" என்றான் அந்தப் படித்த மேதை.

"பாலைவனத்துல விக்கிறியே தம்பி, நிழலுக்கு நான் எங்க போவேன்?" என்றேன்.

அல் கூஸ் தொழிற்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் காமிராவுக்கு ஒரு தகரக் கூரை வைத்துக் கொடுத்தார். அடுத்த பிலிமில் முயல் விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது.

இப்போதெல்லாம் டைக்காரனிடம் நான் பேசுவதே இல்லை. "ரிப்பேர் பாக்குற ஆளைக் கூப்பிடு" என்பேன். ஆள் இல்லையென்றால் அந்தக் கடையில் எதுவும் வாங்குவதில்லை.