நங்கூரத்து நமசிவாயத்தின் மச்சாள்

பத்மாசினி 1954ஆம் ஆண்டு அச்சுவேலியில் பிறந்தாள். தகப்பன் மார்க்கண்டு இரும்பு வேலை செய்தவர். 1975இல் அதே ஊரில் அதே தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த தம்பிஐயாவை மணந்தாள். பிள்ளைகள் இல்லை. தம்பிஐயா கொழும்பில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். 1983 ஆடிக் கலவரத்தில் அவருடைய வலது மணிக்கட்டு இரும்புக் கம்பியால் அடித்து முறிக்கப்பட்டது. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கி வீடு வந்து சேர்ந்தார். எலும்பு கோணலாகப் பொருந்திக்கொண்டது. அந்தக் கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கலாம். சுத்தியலைத் தூக்க முடியாது.

இதுவரை சொன்னவற்றை எவரும் மறுப்பதில்லை. இதற்குப் பின் நடந்தவற்றுக்குத்தான் ஊரில் ஒரு கதையும் கரையில் ஒரு கதையும் உண்டு.

வீட்டின் பின்வளவில் தம்பிஐயாவின் தகப்பன் விட்டுப்போன கம்மாலை இருந்தது. உலை, துருத்தி, பட்டடை எல்லாம் இருந்தன. வடகடற்கரையில் தோணி வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களில் நல்ல நங்கூரம் தேவைப்பட்டது. கடற்படைக்குப் பயந்து ஆழத்துக்குப் போகாமல் கரையோரப் பார்களிலேயே மீன்பிடித் தொழில் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பார் என்பது கடலடியில் கிடக்கும் முருகைக்கல், பவளப்பாறை. கடையில் விற்ற இரண்டு கை நங்கூரம் அந்தக் கல்லிடுக்கில் போய்ச் செருகினால் திரும்பி வராது. கயிற்றை வெட்டிவிட்டு வெறுங்கையோடு வரவேண்டியதுதான்.

தம்பிஐயா அதற்கு நாலு கை வைத்த ஒரு நங்கூரத்தை மண்ணில் கீறிக் காட்டினார். தண்டு தடிப்பாக இருக்கவேண்டும். அதன் அடியில் இரண்டு துளை. துளைகளில் இரண்டு கம்பிகளை ஒன்றுக்கொன்று குறுக்காகச் செலுத்தி, வெண்மஞ்சளாகப் பழுக்கும்வரை காய்ச்சி, மணல் தூவி அடித்தால் மூன்று இரும்பும் ஒரே இரும்பாகும். பிறகு நாலு முனையையும் மேல்நோக்கி வளைத்து, நுனியைத் தட்டையாக்க வேண்டும். கீறியது அவர், அடித்தது பத்மாசினி. ஆனால் நங்கூரக் கையின் தடிப்பைக் கண்டுபிடித்தவள் அவள்தான். தோணியைக் காற்றில் பிடித்து வைக்கும் அளவுக்குக் கம்பி தடித்திருக்க வேண்டும். கல்லில் செருகினால் நாலு ஆண்கள் சேர்ந்து நேரே மேலே இழுக்க நிமிர்ந்து கொடுக்கும் அளவுக்கு மெலிந்தும் இருக்க வேண்டும். நிமிர்ந்த கையைக் கரையில் ஒரு கல்லின்மேல் வைத்துத் தட்டினால் பழையபடி வளைந்துவிடும். இதற்கு மெது இரும்புதான் சரி. வளைத்து முடித்த நங்கூரத்தை அவள் ஒருபோதும் தண்ணீரில் தோய்த்ததில்லை. சாம்பலுக்குள் புதைத்துத் தானாக ஆறவிடுவாள். கரையில் எல்லாம் தம்பிஐயாவின் கைவேலை என்றே நினைத்தார்கள்.

1987ஆம் ஆண்டு வைகாசியில் தம்பிஐயா இரண்டு நங்கூரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரைக்குப் போனார். இராணுவம் வடமராட்சிக்குள் இறங்கிய கிழமை அது. திரும்பும் வழியில் ஷெல் விழுந்து இறந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் இளையதம்பிச் சம்மாட்டி வந்தார். நாலு தோணிக்குச் சொந்தக்காரர், கரையில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. வாசலில் நின்றவளைப் பார்க்காமல், தம்பிஐயாவின் தம்பி நமசிவாயத்தோடு கதைத்தார். நமசிவாயம் பட்டணத்தில் துணிக்கடையொன்றில் வேலை பார்த்தவன். சேலையை உதறி விரிப்பதில் கெட்டிக்காரன். சுத்தியலைச் சிறுவயதிலேயே வெறுத்தவன்.

"தம்பி, கொண்ணன் போய்ச் சேர்ந்திட்டான். இனி ஆர் அடிக்கிறது?"

நமசிவாயம் மச்சாளைப் பார்த்தான்.

"அங்கை என்ன பார்வை? பொம்பிளை துருத்தி இழுக்கட்டும், அது பிழையில்லை. தாலி அறுத்த கை அடிச்ச இரும்பைத் தோணியிலை ஏத்தேலாது. நீ அடிக்கிறதெண்டால் சொல்லு. இல்லையெண்டால் நான் வேறை இடம் பாக்கிறன்."

"நான்தான் அடிக்கிறன்," என்றான் நமசிவாயம். அந்த வாக்கியத்தில் பொய் இருந்தது. அப்போதைக்கு வஞ்சகம் இருக்கவில்லை. துணிக்கடை மூடிக் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் சோறு வேண்டியிருந்தது.

சம்மாட்டி போன பிறகு அவன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

"மச்சாள், எனக்குக் குறடு பிடிக்கவே தெரியாது."

"நீ ஒண்டும் பிடிக்க வேண்டாம். சனம் வரேக்கை சுத்தியலை மட்டும் கையிலை வைச்சிரு. அது கடிக்காது."

"வேர்வையைக் காணேல்லை எண்டு கேட்டால்?"

"வாளியிலை தண்ணி கிடக்கு. தெளிச்சுக்கொள்."

அப்படியே நடந்தது. வாசல் படலையில் நாய் குரைத்தால் பத்மாசினி சுத்தியலை அவனிடம் நீட்டிவிட்டுத் துருத்திக்குப் பின்னால் போய் உட்காருவாள். அவன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, ஆறிப்போன இரும்பை இரண்டு தட்டுத் தட்டுவான். வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். நங்கூரம் பிடித்தது, செருகினால் நிமிர்ந்து கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் கரையில் அவனுக்கு நங்கூரத்து நமசிவாயம் என்று பெயர் விழுந்தது.

உண்மையைக் கண்ட வெளியாள் ஒருவர் மட்டுமே. பழைய இரும்பு கொண்டுவந்து கொடுக்கும் பட்டணத்து றஊப் நானா ஒருநாள் நாய் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டார். பட்டடைக்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவளையும், பலாமர நிழலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நமசிவாயம் தம்பி வேலைகாரன்தான்," என்றார். "பாருங்கோ, சட்டையிலை ஒரு பொட்டுக் கரிகூட ஒட்டேல்லை."

பிறகு சத்தமாகச் சிரித்தார். அன்றிலிருந்து மெது இரும்பாகப் பார்த்துத் தெரிவுசெய்து கொண்டுவந்து, அவளிடமே நேரே கொடுப்பார். வெளியில் ஒரு வார்த்தை விட்டதில்லை. 1990 ஐப்பசியில் பட்டணத்து முஸ்லிம் சனங்களை, அப்போது பட்டணத்தைத் தன் கையில் வைத்திருந்த இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியபோது அவரும் போனார். எங்கே போனார், இருக்கிறாரா என்று பத்மாசினிக்குக் கடைசிவரை தெரியவில்லை. விசாரிக்கவும் ஆள் இல்லை.

அதன் பிறகு இரும்பு கிடைப்பது அரிதாயிற்று. வடக்குக்கு அனுப்ப அரசாங்கம் தடை செய்த பொருட்களில் இரும்பும் ஒன்று. கழற்றிய தண்டவாளத்தின் துண்டு துணுக்குகளையும் இடிந்த வீடுகளின் கம்பிகளையும் வைத்து அவள் சமாளித்தாள். உடைந்த லொறிகளின் வில்லுத் தகடு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அவள் அதைத் தொடவில்லை. வில்லிரும்பு விறைப்பானது. நிமிராது, முறியும்.

1993 புரட்டாதியில் பத்மாசினி மலேரியாக் காய்ச்சலில் விழுந்தாள். அந்த நேரம் பார்த்து, புதிதாகக் கட்டிய தோணிக்கு அவசரமாக ஒரு நங்கூரம் வேண்டுமென்று இளையதம்பிச் சம்மாட்டி ஆள் அனுப்பினார். அந்தத் தோணி அவருடைய மருமகனுக்குச் சீதனமாகக் கொடுத்தது. நமசிவாயத்துக்கு அப்போது ஆறு வருடப் பெயர் இருந்தது. ஆறு வருடமாக ஒருவனைப் பார்த்து ஊரே கெட்டிக்காரன் என்று சொன்னால் அவனுக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். வளவில் கிடந்த லொறி வில்லை எடுத்தான். தன் மனைவியைத் துருத்தி இழுக்க வைத்தான். எப்படியோ ஒட்டி, எப்படியோ வளைத்து, பார்வைக்கு நீலம் பாயட்டும் என்று சிவக்கச் சிவக்க வாளித் தண்ணீருக்குள் இறக்கினான். பாயில் கிடந்த பத்மாசினிக்குத் தண்ணீர் சீறிய சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பார்க்க அவளிடம் வலு இருக்கவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்தபோது நங்கூரம் போய்விட்டது.

"எதிலை செய்தனீ?" என்று கேட்டாள்.

"எல்லாம் நீங்கள் செய்யிற மாதிரித்தான்," என்றான்.

மார்கழியில் வாடைக்காற்று அடித்த ஒரு காலை, பாருக்கு மேலே கட்டிநின்ற அந்தத் தோணியின் நங்கூரத்தில் இரண்டு கைகள் முறிந்தன. தோணி கல்லில் அடிபட்டுப் பிளந்தது. மருமகன் இறந்தான். கயிற்றோடு கரைக்கு வந்த நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நமசிவாயத்திடம் போனார்கள். அவன் சொன்னது இவ்வளவுதான்:

"புரட்டாதியிலை நான் காய்ச்சலாய்க் கிடந்தனான். உதை மச்சாள்தான் அடிச்சவ. நான் வேண்டாமெண்டனான், கேக்கேல்லை."

காய்ச்சலை இடம் மாற்றிவிட்டான். வேறொன்றையும் மாற்றத் தேவைப்படவில்லை.

பத்மாசினியைக் கரைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அச்சுவேலியிலிருந்து நடந்தே போனாள். வழி முழுக்க ஒரே கணக்கைத்தான் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். முறிந்தது தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டுமானால், முறியாதவை எல்லாம் தன்னுடையவை என்று சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் ஒரு சாவு அவள் தலையில். பேசினால் உலை அணையும். நடுவில் நின்று அவளுக்காகப் பேசக்கூடியவரை ஊரைவிட்டே துரத்தியாயிற்று.

வைரவர் கோவிலடியில் சனம் கூடியிருந்தது. சம்மாட்டி ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருந்தார். முகம் மழிக்கப்படாமல் கிடந்தது. நமசிவாயம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான்.

"நீ அடிச்சனியோ?"

"முறிஞ்சதை நான் அடிக்கேல்லை, சம்மாட்டியார்."

"அப்ப ஆர்?"

அவள் நமசிவாயத்தைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு சுத்தியல் தாங்கோ," என்றாள் பத்மாசினி. "அந்தப் பச்சைத் தோணியிலை கிடக்கிற நங்கூரத்தையும் எடுத்துத் தாங்கோ."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். பச்சைத் தோணியின் நங்கூரத்தைக் கல்லின்மேல் வைத்து அடித்தாள். மூன்றாம் அடியில் கை விரிந்து நிமிர்ந்தது. புரட்டிவைத்து அடித்தாள், பழையபடி வளைந்தது. பிறகு முறிந்த நங்கூரத்தின் மிச்சக் கைகளில் ஒன்றைக் கல்லில் வைத்தாள். ஓர் அடிதான். நுனி தெறித்துப்போய் மணலில் விழுந்தது. முறிந்த இடம் உள்ளே சீனி போலப் பொருபொருத்து மின்னியது.

"இது லொறி வில்லு. சிவக்கச் சிவக்கத் தண்ணிக்குள்ளை விட்டிருக்கு. நான் ஒருநாளும் தண்ணிக்குள்ளை விடுறேல்லை."

சம்மாட்டி முறிந்த துண்டைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். அந்தச் சுத்தியல் அவள் கையில் நின்ற விதத்துக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ஒருநாளும் எண்டால்?" என்றார் மெதுவாக.

"அவர் இருக்கேக்கையும் நான்தான் அடிச்சனான். அவர் போன பிறகும் நான்தான்."

"அடி பாதகத்தி," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "இவ்வளவு காலமும் எங்கடை தலையிலை கட்டினனீயே!"

"தலையிலை இல்லை, தோணியிலைதான் கட்டினனான். பிடிச்சது தானே? ஒண்டாவது முறிஞ்சதோ? சொல்லுங்கோ."

சம்மாட்டி எழுந்தார்.

"ஆறு வரியமாய்க் கடல் பொறுத்திருக்கு. பொறுத்துப் பொறுத்து என்ரை மருமகனிலை கணக்கைத் தீர்த்திருக்கு. இனி உன்ரை வளவிலையிருந்து ஒரு ஆணிகூடக் கரைக்கு வரப்படாது."

"அப்ப இருக்கிற நங்கூரங்களை எறியப்போறியளோ?"

எவரும் எறியவில்லை. இரும்பு கிடையாத காலம். மறுநாள் ஐயரைக் கூப்பிட்டு நங்கூரங்களுக்குத் தீர்த்தம் தெளித்து, அதே தோணிகளில் அதே இடத்தில் வைத்துக்கொண்டார்கள். முறிந்தது எந்த இரும்பு, அதை யார் தண்ணீரில் தோய்த்தது என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. விதவை மச்சாளை நம்பிக் கெட்டவன் என்று நமசிவாயத்தின்மேல் இரக்கப்பட்டார்கள். இரக்கத்தோடு, இனி அவனே அடிக்கட்டும் என்று வேலையும் கொடுத்தார்கள். கரையின் கதை இதுதான்.

1994 தை மாதக் கடைசியில் அவன் பின்படலையால் வந்தான். அவன் இப்போது தன் மனைவியின் ஊரில் தனி உலை போட்டிருந்தான். சைக்கிளில் ஒரு சாக்கு நிறையக் கம்பி இருந்தது.

"மச்சாள், ஆறு நங்கூரம் கேட்டிருக்கினம்."

"நீதானே நங்கூரத்து நமசிவாயம். நீயே அடியன்."

"நான் அடிச்சால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்." அவன் குரலில் வெட்கம் இருக்கவில்லை; உண்மையைச் சொல்பவனின் அமைதிதான் இருந்தது. "நான் மாட்டனெண்டு சொன்னாலும் அவை விடமாட்டினம். பிறகு நான் அடிக்கத்தான் வேணும். தோணிக்கு நாலு பேர் போறவங்கள்."

பத்மாசினி சாக்கை அவிழ்த்து, கம்பி ஒன்றை எடுத்துப் பட்டடையில் தட்டிச் சத்தம் கேட்டாள். மெது இரும்புதான். அந்த அளவுக்கு மட்டும் அவன் தேறியிருந்தான்.

"வைச்சிட்டுப் போ," என்றாள். "முன்படலையாலை வராதை."

அவள் அடித்தாள். அவன் கொண்டுபோனான். தன்னைக் கண்டால் சகுனப்பிழை என்று வழிமாறிப் போகிறவர்களின் உயிருக்கு ஏற்ற தடிப்பில் கம்பி தெரிவுசெய்து, சாம்பலில் ஆறவைத்துக் கொடுத்தாள். அவை ஒன்றும் முறிந்ததாகச் செய்தி இல்லை.

1995 ஐப்பசியில் இராணுவம் அச்சுவேலியை நெருங்கியபோது சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தாள். அதன் பிறகு அவள் உலை மூட்டவில்லை.

நங்கூரம் அடித்தது தம்பிஐயாவின் பெயரில் நாலு வருடம். நமசிவாயத்தின் பெயரில் எட்டு வருடம்.