வெள்ளாடு போட்ட கணக்கு

1926இல் மலாயாவின் குளுவாங் தோட்டத்துத் துரை, கங்காணி சடையப்பனிடம் 2,521 ரப்பர்க் கன்றுகளைக் கொடுத்தார். எல்லா வரிசையும் சமமாக வர வேண்டும். ஒரு கன்று மிஞ்சினாலும் அவன் வேலை போய்விடும்.

சடையப்பன் இரண்டிரண்டாக, ஏழேழாக, பத்துப்பத்தாக அடுக்கிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒற்றைக் கன்று மிஞ்சி அவனைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் அது. பாவம், அவனுக்குத் தெரியாது.

“ஒரே வரிசையா நட்டுடுங்க, சிங்கப்பூர் வரைக்கும் போவும்லா” என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

அதற்குள் அவளுடைய வெள்ளாடு மிஞ்சிய கன்றைத் தின்று முடித்திருந்தது. மீதி 2,520 கன்றுகள், வரிசைக்கு அறுபத்து மூன்றாக, நாற்பது வரிசையில் அழகாக நின்றன. துரை தலையாட்டினார், வேலை தப்பியது.

அன்றிலிருந்து அந்த ஆட்டைக் ‘கிராணியார்’ என்றே அழைத்தார்கள். கணக்கெழுதும் நிஜக் கிராணிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.