பாய்லருக்குக் கட்டிய திருஷ்டி

ஆரணி ரைஸ்மில் ஒன்றில் பாய்லருக்கு நெருப்புப் போடுவதுதான் என் வேலை. எழுபதுகளின் கடைசியில் அந்த பாய்லருக்கு ஆயுசு முடிந்தது. நெல் அவிக்க ஆவி கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்துபோன கிழட்டு இரும்பு. பக்கத்துக் கொட்டகையில் புதியது வந்து உட்கார்ந்திருந்தது. பழையதை மூடிவிட்டதைக் கண்ணால் பார்த்து, புதியதையும் சோதித்து, பாய்லர் இன்ஸ்பெக்டர் சரி என்று சொன்னால்தான் அதற்கு நெருப்பு வைக்கலாம். சட்டம் அப்படி.

எங்கள் முதலாளிக்குச் சட்டத்தைவிடப் பஞ்சாங்கம் பெரிது. இன்ஸ்பெக்டர் வரும் நாள் நல்ல நாள் என்று தெரிந்ததும், முதல் நாளே தொட்டி தொட்டியாக நெல்லை ஊறப்போட்டுவிட்டார். மறுநாள் அவிக்காவிட்டால் ஊறிய நெல் நாறிவிடும். அந்த அரிசியை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"அவரு வந்து சரின்னு சொல்லிட்டுப் போவப்போறாரு. இதுல இன்னாப்பா பேஜாரு?" என்றார்.

நெல் நாறினால் பஞ்சாங்கத்தை யாரும் திட்டமாட்டார்கள். என்னைத்தான் திட்டுவார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய பாய்லரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் சேஃப்டி வால்வுக்கு எதிரில் நின்றுவிட்டார். ஆவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியேற்றும் வால்வு அது. ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் அளவாக ஓர் இரும்புக் குண்டு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். எங்களுடையதில் குண்டுக்குத் துணையாக ஒரு குடும்பமே தொங்கியது. சிவப்புத் துணியில் கட்டிய தேங்காய்கள், படிகாரம், மாட்டு லாடம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி திருஷ்டிக்கென்று புதிதாக ஒன்று கட்டுவார். பழையதைத் தூக்கிப் போட்டால் ஆகாது என்று அதுவும் அங்கேயே இருக்கும்.

வருஷா வருஷம் சோதனைக்கு முன்னால் எல்லாவற்றையும் பயபக்தியோடு கழற்றிப் பூஜை மாடத்தில் வைத்துவிடுவோம். அதிகாரி பூட்ஸ் காலோடு வருவாரே, சாமி சமாசாரம் தீட்டாகிவிடக் கூடாது அல்லவா? அவர் தலை மறைந்ததும் மறுபடி கட்டுவோம். இந்த முறை, பாய்லரே செத்துவிட்டது, இனி என்ன சோதனை என்று விட்டுவிட்டோம்.

"இன்னாங்க இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"திருஷ்டிக்குங்க. இத்தக் கட்டுன நாளா ஒரு சின்ன ஆபத்துகூட வந்ததில்லீங்க" என்றார் முதலாளி பெருமையாக.

"இம்மாங் கனம் தொங்கிகினு இருந்தா வால்வு எப்படிங்க தொறக்கும்?"

"அதாங்க! ஒருநாள்கூட ஆவி வீணாப் போவல!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். புது பாய்லரைத் தட்டிப் பார்த்து, நெருப்பு வைக்கலாம் என்றார். ஆனால் வால்வில் ஓர் எலுமிச்சம்பழம்கூடத் தொங்கக் கூடாது என்றார்.

"திருஷ்டி கட்டாம நான் நெருப்பு வெக்க மாட்டேங்க."

"கட்டுனா நான் வெக்க வுட மாட்டேங்க."

இரண்டு பேரும் இரண்டு நாற்காலியில் ஆளுக்கொரு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் தொட்டிக்கும் கொட்டகைக்குமாக நடந்து நடந்து நெல்லை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"மொதலாளி, பாய்லருக்குத்தான கட்டக் கூடாது? நெருப்பு வெக்கற எனக்குக் கட்டுங்க."

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "மனுஷனுக்குக் கட்டறதப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் சொல்லல" என்றார் அவர்.

சிவப்புத் துணித் தேங்காய் என் இடுப்பில் ஏறியது. அது தொடையில் இடிக்க இடிக்க நெருப்பு வைத்தேன். களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டிதான் முதலில் சிரித்தாள்.

ஆவி தொட்டிகளுக்குப் போய் நெல் வெந்தது. முதலாளிக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகும் இன்ஸ்பெக்டர் கிளம்பவில்லை. வால்வைச் சோதிக்க வேண்டும், அடுப்பில் இன்னும் உமியைத் தள்ளு என்றார். தள்ளினேன். திடீரென்று தலைக்கு மேல் அப்படி ஓர் அலறல். நான் போட்டது போட்டபடி களத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னால் முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "பயப்படாதீங்க, வாங்க. இது இப்படித்தான் கத்தணும்."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. பழையது ஒருநாளும் கத்தியதில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் தினமும் சோறு தின்றேன். மழைக்காலத்தில் கதகதப்பாக இருக்கிறதென்று என் பெண்டாட்டி எங்கள் பெண்ணைக் கைக்குழந்தையாக இருந்தபோது அதன் அருகில்தான் தூளி கட்டித் தூங்க வைத்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தூளி கட்டிய கொக்கி முதலாளி அடித்துக் கொடுத்தது. அவரும் அதைத்தான் நினைத்தார் போலும். பக்கத்தில் வந்து குனிந்து என் இடுப்புத் தேங்காயை அவிழ்த்தார்.

"உம் பொண்ணு இப்ப இன்னா படிக்குது?"

"ரெண்டாவதுங்க."

தேங்காயோடு தெருவுக்குப் போனவர், அதை மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கி உடைத்தார்.